பரசுராமர் எப்போது வருவார்?

“நரசிம்மர் படம் வந்து எம்புட்டு நாளாச்சு சார்! அடுத்தது எப்ப வரும்னு பய தெனமும் நச்சரிக்கிறான். ஒரு பொம்மைப் படம் எடுக்க இத்தன வருசமா?”

திருச்சுழியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. மகன் ஐந்தாம் வகுப்பு. ‘மகாவதார் நரசிம்மா’ படத்தை மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். தூண் பிளக்கிற காட்சியை அவன் இன்றும் கடை வாசலில் நடித்துக் காட்டுகிறான். இந்த வட்டாரத்தில் இப்படி ஏங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கும் பெற்றோரும் நிறையப் பேர். அண்ணாச்சிக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் தேதிக் கணக்கு. ‘மகாவதார் நரசிம்மா’ 2025 ஜூலை 25 அன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியானது. இயக்குநர் அஸ்வின் குமாருக்கு இதுதான் முதல் படம். தயாரித்தது க்ளீம் புரொடக்‌ஷன்ஸ். வழங்கியது ‘கே.ஜி.எஃப்.’, ‘காந்தாரா’ எடுத்த ஹோம்பாலே பிலிம்ஸ். இசை நம் ‘விக்ரம் வேதா’, ‘கைதி’ சாம் சி.எஸ். பெரிய நடிகர் முகம் ஒன்றுகூட இல்லாத படம் 300 கோடி ரூபாயைத் தாண்டி வசூலித்து, இந்திய அனிமேஷன் படங்களிலேயே அதிகம் வசூலித்தது என்ற பெயரை வாங்கியது.

படம் வெளிவருவதற்கு முன்பே தயாரிப்பாளர்கள் மொத்தத் தொடருக்கும் அட்டவணை போட்டுவிட்டார்கள். 2027-இல் பரசுராமர், 2029-இல் ரகுநந்தன், 2031-இல் துவாரகாதீஷ், 2033-இல் கோகுலானந்தா, 2035-இலும் 2037-இலும் கல்கி இரண்டு பாகங்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னதும் அவர் விரல் விட்டு எண்ணினார். 2025-இல் பையனுக்குப் பத்து வயது என்றால், கடைசிப் படம் வரும்போது இருபத்திரண்டு. காலேஜ் முடித்து வேலைக்குப் போயிருப்பான்.

இப்படி வருடக் கணக்காக ஒரு அனிமேஷன் தொடருக்குக் காத்திருப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன ஒன்று. ‘டாய் ஸ்டோரி’ முதல் பாகம் 1995, இரண்டாவது 1999, மூன்றாவது 2010, நான்காவது 2019. ஐந்தாம் பாகத்துக்கு 2026 ஜூன் என்று நாள் குறித்தார்கள். முதல் பாகத்தில் சின்னப் பையனாக பொம்மையோடு விளையாடிய ஆண்டி, மூன்றாம் பாகத்தில் கல்லூரிக்குக் கிளம்பினான். முதல் படத்தைப் பார்த்த பிள்ளைகளும் அப்போது கல்லூரி வயதில் இருந்தார்கள். தியேட்டரில் அத்தனை பேர் அழுததற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். ‘இன்கிரெடிபிள்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கு 14 வருடம் ஆனது. ‘ஃபைண்டிங் நீமோ’வுக்குப் பிறகு ‘ஃபைண்டிங் டோரி’ வர 13 வருடம்.

நம்மிடமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து பென்டாமீடியா நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே ‘பாண்டவாஸ்’ எடுத்தது. 2005-இல் ‘ஹனுமான்’ இந்தியில் வந்து நன்றாக ஓடியது. 2007-இல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ தமிழிலேயே எடுக்கப்பட்டது. 2014-இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் ‘கோச்சடையான்’ வந்தது. அதற்கு முன் ரஜினியை வைத்து ‘சுல்தான் தி வாரியர்’ என்று அறிவித்த அனிமேஷன் படம் பாதியிலேயே நின்றுபோனது. இவற்றில் தமிழில் எடுத்த எதற்கும் அடுத்த பாகம் வரவில்லை. அதனால் ‘அடுத்தது எப்போது’ என்று கேட்கும் வாய்ப்பே நம் பிள்ளைகளுக்கு இதுவரை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது. அந்தக் கேள்வியை ‘சும்மா இருடா’ என்று அடக்காமல் மதித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

“கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான சார்? பரசுராமர் கோடாலி தூக்குவாரு, அம்புட்டுத்தான. இதுக்கு என்ன இத்தன ஆவல்?” என்று அண்ணாச்சி அடுத்து கேட்டார்.

அவர் கேட்டதற்குப் பதில் அவர் ஊரிலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுகிறார்கள். வள்ளி கடைசியில் முருகனைத்தான் கட்டிக்கொள்வாள் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் யாருமில்லை. ஆனாலும் பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்கு? வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக. இந்த வருடம் வந்திருக்கும் ராஜபார்ட் எப்படிப் பாடுவார், ஸ்திரீபார்ட் எப்படி மடக்குவார் என்று பார்ப்பதற்காக. பிரகலாதன் கதையும் அப்படித்தான். 1939-இலேயே டி.ஆர். மகாலிங்கம் சிறுவனாகப் பிரகலாதன் வேடம் போட்டுத் தமிழில் படம் வந்திருக்கிறது. அதற்கும் முன்னால் நாடக மேடையில் தூண் எத்தனையோ முறை பிளந்திருக்கிறது. தெரிந்த கதைக்குக் காத்திருக்கும் பழக்கம் நமக்குப் பரம்பரையாக உண்டு. ‘என்ன நடக்கும்’ என்பதற்காக அல்ல, ‘எப்படி நடத்திக் காட்டுவார்கள்’ என்பதற்காகத்தான் பிள்ளை காத்திருக்கிறான். அந்த ‘எப்படி’யில்தான் வருடங்கள் போகின்றன.

எப்படிப் போகின்றன? திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இரண்டு மணி நேரப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,72,800 படங்கள். நடிகரை வைத்து எடுக்கும் படத்தில் கேமராவை ஓடவிட்டால் இந்த 24-ஐயும் அது தானாகப் பிடித்துக்கொள்ளும். காற்றில் முந்தானை ஆடுவது, கண்ணில் வெளிச்சம் படுவது, காலடியில் புழுதி கிளம்புவது எல்லாம் இனாமாகக் கிடைக்கும். அனிமேஷனில் எதுவுமே இனாம் கிடையாது. புழுதி வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து புழுதியைச் செய்ய வேண்டும். நிழல் வேண்டுமென்றால் வேறொருவர் விளக்கை வைக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பூ வேலைப்பாடு உள்ள சேலைக்கு முதலில் கட்டம் போட்ட தாளில் டிசைனை வரைவார்கள். தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அட்டை. அதில் துளை போட்டு, அட்டைகளை வரிசையாகக் கோர்த்து, தறிக்கு மேலே ஜக்கார்டில் மாட்டுவார்கள். நெசவாளர் ஒரு மிதி மிதித்தால் ஒரு அட்டை திரும்பும். அந்த அட்டை சொல்லும் இழைகள் மட்டும் மேலே எழும்பும், நாடா குறுக்கே ஓடும், ஒரே ஒரு ஊடை விழும். அப்படி நூற்றுக்கணக்கான ஊடை விழுந்த பிறகுதான் ஒரு மாங்காய் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். அட்டையில் ஒரு துளை மாறிப்போனால், பூ வரும் இடத்திலெல்லாம் அந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். அனிமேஷனில் ஒரு ஃபிரேம் என்பது அந்த ஒரு ஊடைதான். வேகமாக மிதிக்கலாம், ஆனால் எந்த ஊடையையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

வேலை நடக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கதையைச் சித்திரக் கட்டங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். இது ஸ்டோரிபோர்டு. அதை அடுக்கி, தற்காலிகக் குரல் சேர்த்து ஓட்டிப் பார்ப்பார்கள். சலிப்புத் தட்டும் இடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வரைவார்கள். பெரிய நிறுவனங்களில் இதிலேயே வருடக் கணக்கு ஆவதுண்டு. ஏனென்றால் தாளில் திருத்துவதுதான் மலிவு, பின்னால் திருத்துவது கொள்ளைச் செலவு. பிறகு பாத்திரங்களைக் கணினியில் சிலை போலச் செய்வார்கள். அந்தச் சிலைக்கு உள்ளே எலும்பும் மூட்டும் வைப்பார்கள். இதற்கு ரிக்கிங் என்று பெயர். அதற்குப் பிறகுதான் அனிமேட்டர் வந்து அதை நடக்க வைக்கிறார். நல்ல தரத்தில் செய்யும் ஒரு அனிமேட்டர் ஒரு வாரம் முழுக்க உழைத்தால் சில விநாடி அசைவுதான் தேறும். பிறகு ஒளி, துணி, முடி, நீர், நெருப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள்.

முடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘டாய் ஸ்டோரி’ எடுத்த பிக்சார் நிறுவனத்தின் ‘மான்ஸ்டர்ஸ், இங்க்’ படத்தில் வரும் சல்லி என்ற ராட்சதனுக்கு உடம்பில் சுமார் 23 லட்சம் முடி. அவன் திரும்பினால் முடி திரும்ப வேண்டும். நின்றால் ஒரு நொடி தாமதித்து நிற்க வேண்டும். பனி விழுந்தால் முடி மேல் பனி தங்க வேண்டும். இதைக் கையால் ஒவ்வொன்றாக அசைக்க முடியாது என்பதால், முடி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கத் தனி மென்பொருளே எழுதினார்கள். சிங்கத்தின் பிடரி, பரசுராமரின் சடை, தவசியின் தாடி என்று நம் புராணத்தில் முடிக்குப் பஞ்சமே இல்லை. அது ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பல மாத வேலை.

எல்லாம் முடிந்தபின் கணினி உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டு வரைய வேண்டும். இதுதான் ரெண்டரிங். ‘டாய் ஸ்டோரி’ முதல் பாகத்துக்கு 1,14,240 ஃபிரேம்கள். 117 கணினிகள் இரவு பகலாக ஓடின. ஒரு ஃபிரேமுக்கு 45 நிமிடத்திலிருந்து 30 மணி நேரம் வரை பிடித்தது.

“இப்பத்தான் கம்ப்யூட்டரு எல்லாம் வேகமாயிருச்சே” என்று கேட்கத் தோன்றும். வேகமாகிவிட்டது உண்மை. ஆனால் கணினி வேகமாக ஆக, நாம் கேட்பதும் கூடிக்கொண்டே போகிறது. 1995-இல் பிளாஸ்டிக் பொம்மை மினுங்கினால் போதும் என்று இருந்தது. இன்று தோலுக்குள் வெளிச்சம் ஊடுருவ வேண்டும், ஈரத் துணி உடம்போடு ஒட்ட வேண்டும். முதல் பாகத்துக்குச் செய்த உருவம் இருக்கிறதே, அதையே எடுத்து ஓட்டலாமே என்றால் அதுவும் அவ்வளவு சுலபமில்லை. ‘டாய் ஸ்டோரி’ மூன்றாம் பாகத்துக்குப் பழைய கோப்புகளைத் திறந்தபோது அவை புதிய மென்பொருளோடு ஒத்துப்போகவில்லை. நாயகப் பொம்மைகளான வுட்டியையும் பஸ்ஸையும் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. ஏஐ வந்துவிட்டதே என்றும் கேட்கிறார்கள். சில வேலைகளை அது சுருக்கும். ஆனால் தாயைப் பார்க்கும்போது பிள்ளையின் கண் எந்த நொடியில் கலங்க வேண்டும் என்பதை ஒரு மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். நம்மை அழ வைப்பது அந்த முடிவுதான்.

இப்போது 2027-க்கு வருகிறேன். நரசிம்மா உருவாக நான்கு வருடத்துக்கு மேல் ஆனது என்று அஸ்வின் குமார் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அட்டவணைப்படி அடுத்த படத்துக்கு இடைவெளி இரண்டே வருடம். ஆகவே, ஒரு படம் முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கி, இரண்டு குழுக்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். ‘இவ்வளவு நாளா’ என்று நாம் கேட்கிறோம். தொழில் தெரிந்தவர்கள் ‘இவ்வளவு குறைவான நாளிலா’ என்று கேட்பார்கள்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ‘டாய் ஸ்டோரி 2’ கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் படம் 1999 நவம்பரில் வெளியாக வேண்டும். ஆனால் எடுத்தவரை திருப்தியில்லை என்று, ஒன்பது மாதமே இருக்கும்போது கதையை ஏறக்குறைய முதலிலிருந்து மாற்றினார்கள். இரவு பகல் பார்க்காமல் உழைத்தார்கள். படம் அருமையாக வந்தது. ஆனால் அதை முடிப்பதற்குள் வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கை, மணிக்கட்டு நரம்புகளில் பாதிப்பு வந்துவிட்டது. அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை பிக்சாரின் தலைவராக இருந்த எட் கேட்மல் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தூக்கமில்லாத ஓவியர் ஒருவர், குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வர வேண்டியவர், அதை மறந்து குழந்தையைக் காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். சில மணி நேரம் கழித்து நினைவு வந்து ஓடினார்கள். வெயிலில் மயங்கிக் கிடந்த குழந்தையை நல்லவேளையாகக் காப்பாற்றிவிட்டார்கள். இனி இப்படி வேலை வாங்கக் கூடாது என்று அந்த நிறுவனம் உணர்ந்த நாள் அது.

சமீபத்திய உதாரணம் ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’. 2023-இல் தமிழிலும் வந்தது. மும்பையின் சாயல் கொண்ட ஊரில் பவித்ர பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன் பறந்தானே, அந்தப் படம்தான். சுமார் ஆயிரம் கலைஞர்கள் உழைத்தார்கள். வேலைப் பளு தாங்காமல் பலர் பாதியில் விலகியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. படம் கதையின் நடுவில் அந்தரத்தில் நின்றது. அடுத்த பாகத்தை முதலில் 2024 மார்ச் என்று சொன்னார்கள். பிறகு 2027-க்குப் போய்விட்டது. ரசிகர்களுக்கு வருத்தம்தான். எனக்கும் உண்டு. ஆனால் அந்த மூன்று வருடம் ஆயிரம் பேருக்கு இரவில் வீட்டுக்குப் போகும் நேரமாகக் கிடைத்தால், அந்த வருத்தத்தை நான் சந்தோஷமாகத் தாங்கிக்கொள்வேன்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கட்டமும் இருக்கிறது: தமிழ்க் குரல். வெளிமொழியில் செய்த உருவத்தின் வாயசைவுக்குத் தமிழ் வசனம் உட்கார வேண்டும். உதடு மூடும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ வந்தால் கச்சிதமாக இருக்கும், அங்கே ‘ஆ’ வந்தால் ஐந்து வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். அர்த்தமும் மாறக் கூடாது, நீளமும் கூடக் கூடாது. அதைச் செய்பவர்களின் பெயர்கள் படத்தின் கடைசியில், நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓடி மறைகின்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘ஃப்ரோசன் 2’ எல்சா என்றால் ஸ்ருதி ஹாசன் குரல்தான். 2019 ‘லயன் கிங்’கில் பும்பாவுக்கு ரோபோ சங்கரும் டிமோனுக்குச் சிங்கம்புலியும் குரல் கொடுத்தார்கள். 2024 ‘முஃபாசா’விலும் அதே ஜோடி. அந்தக் கலகலப்பைக் கேட்டதும் பிள்ளைகள் பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி சிரித்தார்கள். 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் காலமாகிவிட்டார். இனி பும்பா வந்தால் அது வேறொருவர் குரலில்தான். வருடக் கணக்கில் நீளும் தொடருக்குள் மனிதர்களின் ஆயுளும் அடங்கியிருக்கிறது.

காத்திருக்கும் பிள்ளைகளை ஏமாற்றவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். யூடியூபில் ‘அதிகாரபூர்வ டிரெய்லர்’ என்று பெயர் போட்டு, கணினியில் உருட்டித் திரட்டிய போலி டிரெய்லர்கள் குவிந்து கிடக்கின்றன. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ‘அடுத்த மாசம் வருதாம்’ என்று குதிப்பான். தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தச் சேனலில் இல்லாத எந்தத் தேதியையும் நம்ப வேண்டாம். அதில் உள்ள தேதியும் ஒரு திட்டம்தான். ‘சுல்தான்’ நின்றுபோனதை நாம் பார்த்திருக்கிறோம்.

அதுவரை பையனை என்ன செய்வது? நான் அண்ணாச்சிக்குச் சொன்ன யோசனை ஒன்றுதான். பழைய நோட்டு ஒன்றை அவன் கையில் கொடுங்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பந்தை வரையச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தில் அதே பந்து, ஒரு நூல் கீழே. அதற்கடுத்த பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே. தரையைத் தொடும் பக்கத்தில் பந்தைக் கொஞ்சம் தட்டையாக வரையச் சொல்லுங்கள்; அந்தத் தட்டையில்தான் உயிர் வருகிறது. இருபத்திநான்கு பக்கம் வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் பந்து விழுந்து எழும்பும். ஒரு விநாடிதான் ஓடும். அதற்கு அவனுக்கு ஒரு மத்தியானமே ஆகியிருக்கும். ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்ற கேள்விக்கான பதிலை அதற்குப் பிறகு அவனே உங்களுக்குச் சொல்வான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆவலோடு காத்திருப்பது நல்ல ரசிகனின் இலக்கணம். அதை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும். பரசுராமருக்காக மட்டுமல்ல, அவருடைய சடையை மாதக் கணக்கில் கோதிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத கலைஞருக்காகவும், ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் இடம் தேடும் டப்பிங் எழுத்தாளருக்காகவும் காத்திருக்கிறோம். 2027 என்பது 2028 ஆனால், தயாரிப்பாளரைத் திட்டும் கூட்டத்தில் நம் பிள்ளை சேர வேண்டாம். படம் வரும் நாளில் தியேட்டருக்குக் கூட்டிப் போங்கள், தமிழிலேயே பாருங்கள், முடிந்ததும் எழுந்து ஓடாமல், கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை அவனோடு உட்காருங்கள். அத்தனை வருடமும் எங்கே போனது என்பது அந்தப் பெயர்களில்தான் எழுதியிருக்கிறது.